உள்மடிப்பு

மாஸ்டரிடம் தைத்த பள்ளிச் சீருடையைத் தெருவில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். முதல் வருஷம் கால்சட்டை கணுக்காலில் சுருண்டு கிடக்கும், சட்டைக் கை விரல் நகத்தை மூடிவிடும். இரண்டாம் வருஷம் பிள்ளை கொஞ்சம் வெளியே தெரியும். மூன்றாம் வருஷம் கச்சிதமாக இருக்கும், ஆனால் அதற்குள் துணி கிழிந்துபோகும். ஏன் இப்படி என்று யாராவது கேட்டால் கத்தரியைக் கீழே வைக்காமலே பதில் வரும்.

"வளர்ற பிள்ளைங்க. நான் இன்னைக்கு நிக்கிற பிள்ளைக்குத் தைக்கலை, நாளைக்கு வரப்போற பிள்ளைக்குத் தைக்கிறேன்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. அவளை எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வீடும் கடையும் ஒன்றே. முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரோரம் ஒரு திரை. பெண்கள் வந்தால் திரைக்குப் பின்னால் மாஸ்டரம்மா டேப்பைப் பிடித்து அளவு சொல்வாள், இந்தப் பக்கம் மாஸ்டர் சாக்பீஸால் மேஜைமேல் எழுதிக்கொள்வார். காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, கைத்தையல் எல்லாம் அவள் பொறுப்பு. கைத்தையலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வெளியே ஒரு நூல் தெரியாது. அந்தத் திறமைதான் அவளை இத்தனை வருஷமாகப் பொய்க்காரியாக வைத்திருந்தது.

சனிக்கிழமை மதியம் மாஸ்டர் பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அவள் முன்னறைக்கு வந்தாள். பொம்மை உடம்பின்மேல் மகளின் கறுப்புக் கோட் மாட்டியிருந்தது. அழகான கோட். உள்ளே பளபளவென்று லைனிங், தோளில் பஞ்சு வைத்து எடுத்த வளைவு, சுருக்கமே இல்லாத காலர். மாஸ்டரம்மா தோளை விரித்த கையால் அளந்தாள். கோட்டின் கையை அளந்தாள். அந்தக் கோட்டுக்குள் மகளும் போகலாம், துணைக்கு இன்னொரு வக்கீலும் போகலாம்.

திங்கட்கிழமை மகளுக்கு முதல் வழக்கு. சீனியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவளே எழுந்து நீதிபதி முன்னால் பேசப்போகிறாள். ஒரு சட்டை என்றால் மாஸ்டரம்மா ஊசியை எடுத்து உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவாள். ஆனால் லைனிங் போட்ட கோட்டைத் திருட்டுத்தனமாக உள்ளே மடித்துப் பிடிக்க முடியாது. தோளைக் கழற்ற வேண்டும். தோளைக் கழற்றினால் மாஸ்டர் மோப்பம் பிடித்துவிடுவார்.

இந்தத் திருட்டு வேலை எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்ல, மகள் பிறப்பதற்கும் முன்னால் போக வேண்டும்.

'குளிக்கலைங்க, தள்ளிப் போயிருக்கு' என்று மாஸ்டரம்மா வெட்கத்தோடு சொன்ன அன்றே மாஸ்டர் அவளுடைய ரவிக்கைகளை எல்லாம் எடுத்துப் பக்கத் தையலைப் பிரித்துவிட்டார். வயிறு அப்போது வழக்கம்போலத் தட்டையாகத்தான் இருந்தது. மூன்று மாதம் அவள் தோள் நழுவும் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குழந்தை இப்போது ஒரு அவரைக்கொட்டை அளவு இருக்கிறது, கை கால் மொட்டு விட்டிருக்கிறது என்று காட்டினார். திரையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோள் அகலம் எவ்வளவு இருக்கும் மேடம்?" என்றார். டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவசரக்காரக் குழந்தை. சொன்ன நாளுக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அதன் தொடை மாஸ்டரின் கட்டைவிரல் பருமன்தான். அவர் கடைக்கு ஓடி, தன் வாழ்நாளிலேயே மிகச் சின்னதாக ஒரு சட்டை தைத்துக்கொண்டு வந்தார். அதுவும் பெரிதாக இருந்தது. அத்தனை பெரிய மனுஷன், ஆஸ்பத்திரி நடையில் அந்தச் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அங்கே வந்த நர்ஸ் அவர் முதுகில் தட்டினாள். "ஏன் சார் அழறீங்க? சட்டை பெருசா இருக்கறது நல்லதுதான். அவ வளந்து வருவா, நீங்க இடம் மட்டும் விட்டு வைங்க." அவளுக்கு அடுத்த வேலை இருந்தது, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாஸ்டர்தான் அதைச் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளை தேறி வந்தது. பால் குடித்தது, தலை நின்றது, குப்புற விழுந்தது. வீட்டில் வைத்த பெயர் பொடிசு. மற்றக் குழந்தைகள் நடக்கப் பழகும் வயதில் பொடிசு தன் கவுனை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள், அதனால் கொஞ்சம் தாமதமாயிற்று. பால் பல் விழுந்தது, யானைப் பல் மாதிரி இரண்டு முளைத்தது, முட்டியில் சிராய்ப்பு ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் ஒரு காலையில் மாஸ்டர் பிளேடும் கையுமாக வருவார். பாவாடையின் அடிமடிப்பை ஒரு சுற்றுப் பிரித்து, இஸ்திரி போட்டு இறக்கிவிடுவார். வெளுத்த பாவாடையின் அடியில் புதுநிறத்தில் ஒரு பட்டை தெரியும். "பார்த்தியா, இந்த வருஷம் இவ்ளோ!" என்று அந்தப் பட்டையை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். மகள் பரிசு வாங்கிய சான்றிதழைக்கூட அவர் அத்தனை பேருக்குக் காட்டியதில்லை.

பொடிசு பெரியவளான பிறகு மாஸ்டர் அவள்மேல் டேப் வைப்பதை விட்டுவிட்டார். கூச்சம். மனைவியை அளவெடுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொந்த மகளுக்கு எதற்கு அளவு என்று ஒரு தெனாவெட்டு. போன வருஷத்து அளவுக்கு வெட்டி வைத்த அட்டையை எடுப்பார், ஒரு விரல் கூட்டி வெட்டுவார். அவ்வளவுதான்.

அவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில்தான் அது நடந்தது. மாஸ்டர் பிளேடோடு வந்தார், முகமெல்லாம் பல். பொடிசு பாவாடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாவாடை போன வருஷம் தொட்ட இடத்தையேதான் தொட்டது. மாஸ்டர் சாக்பீஸைத் தேடித் திரும்பிய ஒரு நொடியில் பொடிசு அம்மாவைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நின்றுகொண்டாள்.

"ஒரு விரல்!" என்று கத்தினார் மாஸ்டர். "நான் சொன்னேன்ல?"

பாவாடையை இறக்கிவிட்டார். அது தரையைப் பெருக்கியது. அன்று சாயங்காலம் மாஸ்டரம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை இடுப்பில் மடித்துப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் கச்சிதமாக உடுத்திக்கொண்டு போன மகளைப் பார்த்து மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் நிறுத்த முடியுமா? ஒவ்வொரு வருஷமும் அவர் கூட்டினார், ஒவ்வொரு வருஷமும் அவள் பிடித்தாள். கல்லூரிக்குப் போனதும் மனசு இரங்கி ஒரு விரலை அரை விரலாக்கினார், அது ஒரு சலுகை. தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறவனுடைய காலர் கோணலாக இருந்தால் இங்கிருந்தே சொல்லிவிடுகிற கண் அவருக்கு. சொந்த மகளின் தலை அதே ஜன்னல் கம்பிக்கு நேராகத்தான் இத்தனை வருஷமாக நிற்கிறது என்பது மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. மாஸ்டரம்மா எதையும் வெட்டவில்லை, எல்லாவற்றையும் உள்ளேயே மடித்துத் தைத்தாள். பொடிசின் எடையில் கால்வாசி உள்மடிப்புதான் என்று அம்மாவும் மகளும் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு தோழியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பொடிசு கோர்ட்டுக்குப் போயிருந்தாள். கோட்டின் கை உள்ளங்கை வரை தொங்கியது. வக்கீல்கள் வரிசையில் உட்காரப் போனவளைச் சேவகர் தடுத்து, "பாப்பா, யார்கூட வந்தே? பிள்ளைங்க எல்லாம் வெளியே பெஞ்சுல உக்காரணும்" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினாள், மாஸ்டரும் சிரித்தார். அடுப்படியில் மட்டும் அவள் அம்மாவிடம் சொன்னாள். "சிரிப்பா சொல்லிட்டேன்மா. ஆனா அந்த ஆளு கட்சிக்காரர் முன்னாடி சொன்னாரு. அந்தக் கட்சிக்காரரு சீனியர்கிட்ட தனியா போயி, இந்தக் குழந்தையா என் கேஸைப் பேசப்போகுதுன்னு கேட்டாராம்."

அன்று சாப்பாட்டின்போது அவள் அப்பாவிடம் கேட்டாள். "அப்பா, எனக்கு அளவா ஒரு கோட் வேணும்."

"கோட்டா? தைச்சுத் தள்ளிடலாம்."

"அளவெடுத்துக்கறீங்களா?"

"என் பிள்ளைக்கு என்னத்த அளவு? அட்டை இருக்கு."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டரம்மா வாயைத் திறந்தாள், மாஸ்டர் அதற்குள் எழுந்து கறுப்புத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் போய்விட்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட் தயார். மாஸ்டர் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார், கோட் போடப் போவதே அவர் என்பது போல. ஆளுயரக் கண்ணாடியைத் துடைத்து வைத்தார். பொடிசைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே கோட்டைப் பிடித்து மாட்டிவிட்டார்.

கோட் மாட்டிக்கொண்டது. பொடிசைக் காணவில்லை. தோள் இரண்டும் பக்கவாட்டில் சரிந்து தொங்கின. கை இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழாய்கள் ஆடின. கீழ்விளிம்பு முழங்காலைத் தொட்டது.

மாஸ்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காலரை இழுத்தார், பின்பக்கம் தட்டினார். அவர் புருவம் நெரிந்தது. "என்னடி இது, நீ சுருங்கிட்டியா?"

"இல்லப்பா. நல்லா இருக்கு. கோட்னா கொஞ்சம் தாராளமாத்தான் இருக்கணும்."

மாஸ்டரம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தில் சிரிப்பு இருந்தது. முதுகு விறைத்திருந்தது. மாஸ்டரம்மாவின் பார்வை கீழே இறங்கியது. படித்துப் பட்டம் வாங்கிய பெண், நாளைக்கு நீதிபதி முன்னால் வாதாடப் போகிறவள், கண்ணாடி முன்னால் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். கெண்டைச் சதை லேசாக நடுங்கியது.

மாஸ்டரம்மாவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிள்ளை ஒரு தடவை எக்கி நின்றதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாளே, அந்தச் சும்மாதான் இவளை இன்றுவரை எக்கி நிற்க வைத்திருக்கிறது.

"குதிகாலைக் கீழ வை" என்றாள்.

"அம்மா..."

"கீழ வைடி. போதும். எத்தனை வருஷம்தான் அப்படியே நிப்பே?"

பொடிசு மெதுவாகக் காலைத் தரையில் பதித்தாள். கோட் இன்னும் ஒரு விரல் கீழே இறங்கியது. மாஸ்டர் அந்தக் கால்களைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. புரிந்துவிடக் கூடாதே என்று பயந்த மாதிரியும் இருந்தது.

மாஸ்டரம்மா உள்ளே போய் மகளின் அலமாரியிலிருந்து ஒரு சுடிதார் டாப்பை எடுத்து வந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி வெட்டு மேஜைமேல் போட்டாள். பக்கத் தையலில், தோளில், கையில் எல்லா இடத்திலும் மடிப்பு. மடிப்பின் மேல் மடிப்பு. மாஸ்டர் குனிந்து பார்த்தார். விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது யார் வேலை?"

"என் வேலைதான்."

"மத்ததெல்லாம்?"

"அதுவும்தான்."

"இவ்ளோ தடிமனான மடிப்பா என் கடைப் பேர்ல வெளியே போச்சு?" அவர் குரல் உயர்ந்தது. "யாராவது திருப்பிப் பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்? மிச்சத்தை வெட்டிட்டுத் தைக்கணும்னு உனக்குத் தெரியாது? ஏன் வெட்டலை?"

"நீங்க அவளுக்குன்னு விட்டு வச்ச இடம். அதுல கத்தரி வைக்க எனக்கு மனசு வரலைங்க."

மாஸ்டர் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய கோட்டுக்குள் நின்றுகொண்டு பொடிசு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப நின்னுச்சு?" என்று கேட்டார், தரையைப் பார்த்தபடி.

"பத்தாவது முடிச்ச லீவுல" என்றாள் பொடிசு.

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிப்பா சொல்றது? நீங்க பிளேடை எடுத்துட்டு அவ்ளோ ஆசையா வந்தீங்க." அவள் கிட்டே வந்து, தொங்கும் கோட்டுக் கையால் அவர் தோளைத் தட்டினாள். "நான் வளந்து முடிச்சிட்டேன்ப்பா. முடிச்சது இவ்ளோதான். ஏமாத்தமா இருந்தா மேல்முறையீடு பண்ணிக்கோங்க."

மாஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "கண்ணாடிப் பெட்டில பார்த்தவன்டி நான்" என்றார். "உனக்கு எங்கயாவது இடம் பத்தாமப் போயிடுமோன்னுதான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய டேப்பை எடுத்து மனைவியிடம் நீட்டினார். "திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போ."

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் நடப்பது போல அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அன்று அளவெடுக்கப்பட்டது. மாஸ்டரம்மா தோள் சொன்னாள், மார்பு சொன்னாள், இடுப்பு சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கம் சாக்பீஸ் மேஜையில் உரசும் சத்தம் கேட்டது. கை நீளம் சொன்னபோது சத்தம் வரவில்லை.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க."

சாக்பீஸ் உரசியது. பிறகு யாரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியை மாஸ்டர் கேட்டார். "வக்கீலம்மா, கூட ஏதாவது வைக்கணுமா?"

திரைக்குள் பொடிசு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேண்டாம் மாஸ்டர். அளவா தைங்க."

அன்று பகல் முழுவதும் மாஸ்டர் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. லைனிங்கைப் பிரித்தார், தோளைக் கழற்றினார். மிச்சத் துணியில் கத்தரியை வைத்துவிட்டு நிறையத் தயங்கினார். தண்ணீர் கேட்டார், குடித்தார், கத்தரியைச் சாணை பிடிக்க வேண்டும் என்றார். கடைசியில் வெட்டினார். ஒரே இழுப்பில், பிசிறில்லாமல். விளக்குப் போடும் நேரத்துக்குக் கோட் முடிந்தது.

பழக்கதோஷம், மாஸ்டரம்மா அதை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கையில் மடிப்பில்லை, விளிம்பில் மடிப்பில்லை. நடுமுதுகுத் தையலில் மட்டும் ஒரு விரல் துணி உள்ளே ஒளிந்திருந்தது.

"இது என்னங்க?"

"உக்காந்தே சம்பாதிக்கிற தொழில். முன்னப்பின்ன சதை போடாதா?" மாஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசிகளைப் பொறுக்கினார். "உயரம்தான் நின்னுச்சு. மத்ததை யாரு கண்டா?"

மாஸ்டரம்மா அந்த ஒரு விரலை அப்படியே விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பொடிசு கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். சின்னப் பெண்தான், ஒரு விரலும் கூடவில்லை. ஆனால் தோள் தோளில் இருந்தது, கை மணிக்கட்டில் நின்றது, முகம் முகமாகத் தெரிந்தது. வாசலில் ஒரு தாயும், புதுப்பள்ளியில் சேரப்போகும் ஒரு சிறுமியும் சீருடைத் துணியோடு காத்திருந்தார்கள். வேகமாக வெளியே வந்த பொடிசைப் பார்த்ததும் சிறுமி மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

"ஆன்ட்டி, போங்க" என்றாள்.

பொடிசு நின்றுவிட்டாள். ஆன்ட்டி! முகத்தில் ஒரு பக்கம் அதிர்ச்சி, ஒரு பக்கம் ஆனந்தம். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டுச்சா? தீர்ப்பு வந்துடுச்சு. கிளம்பு, நேரமாச்சு." அவள் படியிறங்கித் தெருவில் நடந்து போனாள். திருப்பம் வரை மாஸ்டர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். சுருக்கம் இருக்கிறதா என்று பார்த்ததாகப் பின்னால் சொன்னார், மாஸ்டரம்மா நம்பவில்லை.

சிறுமியின் தாய் துணியை மேஜைமேல் வைத்தாள். "மூணு வருஷம் வரணும் மாஸ்டர். நல்லா தாராளமா விட்டுத் தைங்க."

சிறுமி பெருமையாகக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். டேப்பைப் பார்த்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து, கழுத்தை நீட்டி, எல்லாப் பிள்ளைகளும் செய்வது போலத் தன்னால் முடிந்த மட்டும் உயர்ந்தாள். மாஸ்டரம்மா ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

மாஸ்டர் டேப்பை வைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார். மெல்ல மண்டி போட்டு உட்கார்ந்து, முதலில் அந்தப் பாதங்களைப் பார்த்தார். பிறகு சிறுமியின் தோளில் கையை வைத்து லேசாக அழுத்தினார்.

"குதிகாலைக் கீழ வைம்மா தங்கம்" என்றார். "இன்னைக்கு நீ எவ்ளோவோ, அவ்ளோ போதும்."